ஊதாக்கொடியும் ஒரு வருஷ அறையும்

கொடிக்காரி பின்னிய நாற்காலியில் நிர்வாகி அம்மா உட்கார்ந்து, முன்னும் பின்னும் அசைந்து பார்த்து, "ஒரு சத்தம் வரலையே" என்று வியந்ததை ஓவியர் தம் அறை ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டார். அன்றைக்குக் காலைச் சாப்பாட்டை அவர் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

மலைக் கிராமத்தின் அந்தக் கலைஞர் இல்லத்துக்கு அவர் வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. மூன்று மாதம் தங்கலாம். வேளாவேளைக்குச் சாப்பாடு. வரைவதைத் தவிர வேறு வேலை கிடையாது. மூன்று மாதம் முடிந்ததும், தங்கியிருப்பவர்களில் ஒருவருக்கு மட்டும் மாடியில் இருக்கும் பெரிய அறை, முழுசாக ஒரு வருஷத்துக்கு. இரண்டு பக்கமும் ஜன்னல், நாள் முழுக்க வெளிச்சம்.

வீட்டில் அவர் வரைவது துணி துவைக்கும் மெஷினுக்கும் மைத்துனரின் சைக்கிளுக்கும் நடுவில். மெஷின் சுற்ற ஆரம்பித்தால் அவர் வரைகிற கடலில் அலை தானாகவே கூடிவிடும். மாடி அறை இல்லாமல் அந்தச் சந்துக்குத் திரும்பிப் போவதை அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

பத்து நாள் முன்புவரை இல்லத்தில் இருந்த ஒரே கலைஞர் அவர்தான், அதனால் கவலையே இல்லாமல் இருந்தார். அப்புறம்தான் இவள் வந்து சேர்ந்தாள். கொடிக்காரி என்று பெயர் வைத்தது அவர்தான், மனசுக்குள்ளே.

ஊதாக்கொடியை அந்த ஊருக்குக் கொண்டுவந்தது யாரோ ஒரு பூப்பைத்தியம். அழகுக்காகத் தொட்டியில் வைத்தது தொட்டியை உடைத்து, தோட்டத்தை விழுங்கி, வேலி தாண்டி, இப்போது மலையில் பாதிக்குமேல் ஆக்கிரமித்திருந்தது. அது மூடிய மரம் பிழைப்பதில்லை.

"முடிஞ்சப்ப ரெண்டு கொடி பிடுங்கிப் போட்டா நல்லது. கட்டாயம் ஒண்ணும் இல்ல" என்று முதல் நாளே நிர்வாகி அம்மா சொல்லியிருந்தார்.

"இது தூரிகை பிடிக்கிற கைம்மா" என்று ஓவியர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டியிருந்தார்.

அந்தச் சனியன் பிடித்த கொடியை வைத்துத்தான் இவள் முதலில் கூடை பின்னினாள், பிறகு விளக்குக்கு ஒரு கூண்டு, இப்போது நாற்காலி.

மத்தியானம் மனைவி போனில் வந்தாள்.

"என்னங்க, அந்த நாற்காலி போட்டோ அனுப்பினீங்களே, ரொம்ப நல்லா இருக்கு."

"எவ்வளவு மட்டமா இருக்குன்னு நீ பாக்கணும்னுதான் அனுப்பினேன்."

"மட்டமா? எங்க அண்ணன் பாத்துட்டு நமக்கு ரெண்டு வேணும்ங்கறாரு."

"என் படத்தையும் அனுப்பினேனே."

"அதுவா? முடிச்சதும் அனுப்புங்க, பாக்கறேன்."

"முடிச்ச படம்தான் அது."

"மெஷின் நின்னுடுச்சு, துணி காயப்போடணும்" என்று மனைவி போனை வைத்துவிட்டாள். ஓவியருக்குப் பொறுக்கவில்லை. முப்பது வருஷமாகத் தூரிகை பிடிக்கிற மனுஷனை, வேலியில் படர்ந்ததை முறுக்கி முடிச்சுப் போடுகிற ஒருத்தி ஓரங்கட்டுவதா? கொடி இருந்தால்தானே பின்னுவாள்?

நேராகச் சமையலறைக்குப் போய்ச் சமையல்காரரிடம் அரிவாள் கேட்டார். சமையல்காரர் ஒரு கேள்வியும் கேட்காமல் அலமாரியைத் திறந்தார். அரிவாள், கடப்பாரை, கையுறை, ரப்பர் பூட்ஸ் எல்லாம் வரிசையாக இருந்தன. பூட்ஸ்கூட அவர் காலுக்குச் சரியாக இருந்தது.

"இதெல்லாம் யாரோடது?"

"போன வருஷம் ஒரு கவிஞர் தங்கியிருந்தாரு சார். கவிதை ஒண்ணும் எழுதல. ஆனா நல்ல உழைப்பாளி."

எழுதத் தெரியாதவனுக்கு எதற்கு இந்தப் பிழைப்பு என்று ஓவியர் நினைத்துக்கொண்டார்.

சாயங்காலத்துக்குள் இல்லத்தைச் சுற்றி ஒரு கொடி மிச்சமில்லை. அறுத்ததை எல்லாம் வாசல் ஓரமாகக் குவித்துவிட்டு, இடுப்பைப் பிடித்தபடி அவர் நிமிர்ந்தபோது கொடிக்காரி எதிரில் நின்றுகொண்டிருந்தாள்.

"எனக்காகவா சார் இவ்வளவும்? எப்படி அறுக்கப்போறேன்னு முழிச்சுக்கிட்டு இருந்தேன். பெரிய மனசு உங்களுக்கு."

அடுத்த வாரம் வாசலில் ஓர் ஊஞ்சல் தொங்கியது. மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். நிர்வாகி அம்மா தாம் உட்கார்ந்தது போதாதென்று சமையல்காரரையும் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொண்டார். ஓவியரையும் கூப்பிட்டார்கள். தலைவலி என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

குவித்து வைத்ததுதான் தப்பு என்று அவருக்குத் தோன்றியது. இந்தத் தடவை வேலிக்கு வெளியே போய் அறுத்ததைத் துண்டு துண்டாக நறுக்கி, சமையலறைப் பின்பக்கம் குழி தோண்டிப் புதைத்தார். பன்னிரண்டாம் நாள் சமையலறைப் பின்கதவு திறக்கவில்லை. வெளியே ஆள் உயரத்துக்குக் கொடி. சமையல்காரர் குப்பைக்கூடையோடு ஜன்னல் வழியாக இறங்கிப் போனார்.

"நறுக்கிப் புதைச்சா துண்டுக்கு ஒரு கொடி வரும் சார்" என்றாள் கொடிக்காரி, பரிதாபமாக அவரைப் பார்த்து. "அடிக்கிழங்கோட தோண்டணும். ஒரு கணுகூட மண்ணுல படக்கூடாது. பாறை மேல போட்டுக் காயவிடணும்."

"உங்களுக்கு எப்படி இவ்வளவு தெரியும்?"

"எந்நேரமும் இதோடதானே சார் கிடக்கறேன்."

ஓவியர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் வரைதாளில் குறித்துக்கொண்டார். கிழங்கை ஒரு படமாகவும் போட்டுக்கொண்டார். அந்த மாதம் அவர் வரைந்த ஒரே படம் அது.

கொடிக்காரியிடம் அவருக்குப் பிடித்த ஒரே குணம் ஓட்டைவாய். "இங்க இருக்கறது சும்மா சார். மேற்குச் சரிவுல கிடக்கே, அதுதான் கொடி. என்னோட பெரிய வேலைக்குன்னே அதை விட்டு வெச்சிருக்கேன்" என்று ஒரு நாள் காபி குடித்துக்கொண்டே உளறினாள். மறுநாள் விடிந்ததும் ஓவியர் கடப்பாரையோடு மேற்குச் சரிவில் நின்றார். ஒன்பது நாளில் சரிவு துடைத்த மாதிரி ஆயிற்று.

"போகட்டும் சார், ஓடைக்கரையில இருக்கு" என்றாள். அதுவும் போயிற்று. "வடக்குச் சரிவை மட்டும் யாரும் தொடாம இருந்தா சரி" என்று பெருமூச்சு விட்டாள். இப்படி ஒரு வெகுளி எப்படித்தான் பிழைக்கிறாளோ என்று ஓவியருக்கு ஆச்சரியமாக இருந்தது.

"படம் எந்த அளவுல இருக்கு?" என்று மனைவி கேட்டாள்.

"ஓடைக்கரை முடிஞ்சுது. வடக்குச் சரிவு பாதி."

"பரவாயில்லையே. நிறைய பச்சை போட்டிருப்பீங்களே."

"ஒரு பொட்டு பச்சை விடல."

மூன்றாவது மாதத்தின் கடைசி வாரம், கொடிக்காரி வாசற்படியில் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தாள். "இந்த மலையில ஒரு முழம் கொடி இல்ல சார், என்ன செய்யறதுன்னே தெரியல" என்றாள். ஓவியருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது, ஆனால் சந்தோஷம்தான் அதிகம்.

அறைக்கு வந்த பிறகுதான் தம் ஓவியச் சட்டத்தைப் பார்த்தார். வெள்ளைத் துணியில் பென்சிலால் ஒரே ஒரு கோடு. முதல் மாதம் அடுத்த படத்துக்கென்று போட்ட மலையின் விளிம்பு. அவசரமாகத் தூரிகையை எடுத்தார். கொப்புளம் உடைந்து காய்ப்பேறிய கையில் அது நிற்காமல் மூன்று முறை கீழே விழுந்தது. நாலாவது முறை அவர் குனியவில்லை.

தேர்வு நாளன்று, தீர்ப்புக் கேட்க நிற்பவரைப் போலக் கூடத்தில் நின்றார். சந்தும் மெஷினும் மைத்துனரின் சைக்கிளும் கண்முன் வந்து போயின. நிர்வாகி அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ரெண்டு பேர் வேலையையும் பாத்தேன். ஊரே பாத்துச்சு. மாடி அறை ஓவியருக்குத்தான். இப்படி உழைக்கிற கலைஞரை இந்த இல்லம் பாத்ததில்ல."

முதலில் கைதட்டியவள் கொடிக்காரிதான். ஓவியர் வெளியே ஓடிப்போய் மனைவியைக் கூப்பிட்டார்.

"கிடைச்சிடுச்சு. ஒரு வருஷம்."

"நிஜமாவா? எந்தப் படத்துக்குங்க?"

"அது... மொத்த உழைப்பையும் பாத்துக் குடுக்கறது" என்று சொல்லிப் போனை வைத்தார். கண் கலங்கியிருந்தது.

சமையல்காரர் அவருடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்தார். சொன்னபடியே இரண்டு பக்கமும் ஜன்னல். ஒரு ஜன்னலில் அவர் மொட்டை அடித்த மலை, மூச்சு விடுகிற மரங்களோடு. மற்றதில் எதிர்மலை, அடி முதல் உச்சிவரை ஒரே ஊதாப்பூ. அவர் அப்படியே நின்றுவிட்டார். கை வலியெல்லாம் மறந்து, நாளைக்கே இதை வரையத் தொடங்கிவிட வேண்டும் என்று முடிவு செய்தார்.

அப்போதுதான் மூலையில் புதுக் கடப்பாரையும் நாலு ஜோடிப் புதுக் கையுறையும் இருப்பதைக் கவனித்தார். யாரோ மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கலாம். கீழே கொடிக்காரி தன் பையைத் தூக்கிக்கொண்டு ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தாள். ஜெயித்தவருக்கு மனசு இளகியது.

"பாவம் அந்தப் பொண்ணு. இனிமே எந்த ஊர்ல போய் என்ன பின்னுமோ."

சமையல்காரர் பெட்டியை இறக்கி வைத்தார்.

"அவங்க களை ஒழிப்பு ஆபீசர் சார், போன வருஷம் கவிஞர் இருந்தப்ப இந்தக் கொடியைப் பத்திக் கவிதை எழுத வந்திருந்தாங்க, அடுத்த வாரம் எதிர்மலைப் பூவைப் படம் வரைய வர்றாங்க."