கொள்ளைக்காரர்களுக்குக் கல்யாணம் செய்துவைத்தவர்

அமெரிக்காவில் குதிரைவண்டியை மறித்துக் கொள்ளையடித்தவர்கள் எத்தனை பேரோ, அத்தனை பேரையும் தூக்குக் கயிற்றிலிருந்து காப்பாற்றிய ஒருவர் எங்கள் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருந்தார். பெயர் யாருக்கும் தெரியாது. ‘கொள்ளைக்கார அண்ணே’ என்றால் போதும்.

படங்கள் பேசாத காலம். சனிக்கிழமை சாயங்காலம் ரயில்வே ஆட்கள் பாதி உயிரோடு படக்கொட்டகைக்கு வந்து சாய்வார்கள். அண்ணே திரைக்குப் பக்கத்தில் பிரம்போடு நின்று கதை சொல்வார். நடுநடுவே திரையில் வரும் இங்கிலீஷ் வாசகங்களையும் அவரே தமிழில் சொல்ல வேண்டும். அவருக்கு அதில் ஓர் எழுத்தும் தெரியாது என்பது, எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போன எனக்கு இரண்டாம் வாரமே தெரிந்துவிட்டது.

ஒருமுறை ரீலை மாற்றி ஓட்டிவிட்டார்கள். பள்ளத்தில் விழுந்து நொறுங்கிய வண்டி மறு நிமிடமே முழுசாக ஓடியது.

“என்னண்ணே இது?” என்று ஒருவர் கத்தினார்.

“செந்தூல் ரயில் பட்டறைக்கு அனுப்பி ரிப்பேர் பண்ணியாச்சுலா! நம்ம ஆளுங்க கைவேலை!”

பட்டறை ஆட்களின் விசிலில் கூரை பறந்தது.

கடைசியில் தூக்குமேடையைக் காட்டிப் படம் முடியும். “ஊஞ்சல் கட்டுறாங்க. நம்மாளுக்குக் கல்யாணம்!” என்று அண்ணே அறிவிப்பார். ஜனங்கள் நிம்மதியாக எழுந்து போவார்கள்.

பொறுக்கமாட்டாமல் ஒருநாள் கேட்டுவிட்டேன். “அண்ணே, அது தூக்குமேடை. எழுதியே போட்டிருக்கான்.”

“ஆறு நாளு தண்டவாளம் தூக்கிட்டு வரான் தம்பி. இங்கயும் ஒரு சாவையா பார்க்கணும்? நீ படிச்சவன், தாங்குவ.”

ரயில் லைனில் சல்லி சுமந்து முதுகு போனபின்தான் அவர் இந்த வேலைக்கு வந்திருந்தார். வேறு எதுவும் அவரால் முடியாது.

கொட்டகை முதலாளிக்குச் சந்தேகம் வந்தது. என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். “நீதான் இங்கிலீஷ் படிச்ச பையன். அவன் தப்பா சொன்னா சொல்லு. இன்னைக்கே நிறுத்திடுறேன்.”

அண்ணே எங்களைப் பார்த்துவிட்டார். தூக்குமேடை வந்தது. ஒரு கணம் என்னையே பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார். “ஊஞ்சல் கட்டுறாங்க!” என்றார். போதாதென்று மேளக்காரர்களையும் வரவழைத்தார்.

“என்ன தம்பி, கல்யாணமா?” என்றார் முதலாளி.

பரீட்சையில்கூடப் பக்கத்துப் பையனுக்கு விடை சொல்லாதவன் நான்.

“ஆமா முதலாளி. முகூர்த்த நேரம்கூடப் போட்டிருக்கு.”

வெளியே வந்ததும் அண்ணே என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, ரயில்வே குவாட்டர்ஸ் வரைக்கும் நடந்தார். கை கனமாகத்தான் இருந்தது. எடுக்கச் சொல்ல மனம் வரவில்லை.