கமான் பட்டையே இருக்கட்டும்

மகாராஜராஜஸ்ரீ மாப்பிள்ளை ரமணா அவர்களுக்கு, குடிபாலாவிலிருந்து மாமனார் சின்னசாமி சொல்ல, போஸ்டாபீஸ் ரத்னம்மா எழுதுவது. இங்கே நான், உங்கள் அத்தை இந்திராணி, மச்சினி நந்திதா, ரெண்டு எருமை எல்லாரும் சௌக்கியம். உங்கள் சௌக்கியத்தைப் போன வாரம் நீங்கள் களி துன்னும்போதே பார்த்துவிட்டேன்.

போனிலேயே சொல்லலாம். எனக்குக் காது மந்தம், நான் பேசினால் தெருவே கேட்கும். இது இந்திராணிக்குத் தெரியக் கூடாத சேதி.

எழுபத்துநாலாம் வருஷத்து என் பிக்கப்பைப் புதுசாக்கத் திருப்பதியில் உங்கள் ஷெட்டில் விட்டேன். பெயிண்ட் அடியுங்கள், சீட்டு தையுங்கள், கேட்கமாட்டேன். ஆனால் அடியில் ஏழு இரும்புப் பட்டையாக அடுக்கியிருக்கும் கமான் பட்டையைக் கழற்றிவிட்டுக் கார் மாதிரி சுருள் ஸ்பிரிங் போடப்போகிறீர்களாமே. "மாமா, மெத்தை மேல போற மாதிரி இருக்கும்" என்றீர்கள். மெத்தை எனக்கு எதற்கு, அதில் போகப்போவது நம்ம ஊர் அம்மன் கெங்கம்மா. நாற்பத்தோரு வருஷமாக ஜாத்திரைக்கு அம்மா சிரசை மூங்கிலில் கட்டி அந்த வண்டியில்தான் கொண்டுபோகிறோம், வாசலுக்கு வாசல் ஜனங்கள் உத்தரவு கேட்கிறார்கள், அம்மா முன்னும் பின்னும் தலையாட்டினால் சரி, பக்கவாட்டில் ஆட்டினால் வேண்டாம். கமான் பட்டை வண்டி குழியில் இறங்கினால் முன்னே குனிந்து எழும், ஆகவே அம்மா யாருக்கும் இல்லை என்று சொன்னதே கிடையாது. எண்பத்தெட்டில் கிருஷ்ணப்பா போர் போட உத்தரவு கேட்டான், மூணு தரம் ஆட்டினாள். தண்ணீர் வரவில்லை, அது வேறு. போன வருஷம் என் வண்டி படுத்துக்கொண்டதால் ஒரு புது வேனில் கொண்டுபோனார்கள். அதற்குச் சுருள். திருப்பத்துக்குத் திருப்பம் வண்டி சாய, அம்மா தெரு முழுக்க மாட்டேன் மாட்டேன் என்றாள். ரெண்டு கல்யாணம் நின்றது, ஒரு மாடி வீடு அஸ்திவாரத்தோடு கிடக்கிறது.

இப்போது நம்ம நந்திதா, பிச்சாட்டூர்ப் பையன் வேங்கடாசலத்தைத்தான் கட்டுவேன் என்கிறாள். முப்பத்தொரு வயசு. எனக்குச் சம்மதம். இந்திராணியோ, "நான் யாரு சொல்றதுக்கு? ஜாத்திரைல அம்மாவக் கேட்டுக்கலாம்" என்று முடித்துவிட்டாள். ஜாத்திரை அடுத்த மாசம். ஆகையால் ஏழு பட்டையும் ஏழாகவே இருக்கட்டும். மூணாவது தேய்ந்திருக்கிறது, அதையும் தொடாதீர்கள், நன்றாகக் குனிவதே அதனால்தான்.

வேறு விசேஷமில்லை. உங்களுக்கும் பெரியவளுக்கும் கெங்கம்மா எப்போதும் முன்பின்னாகவே தலையாட்டட்டும்.

இப்படிக்கு,
சின்னசாமி (கைநாட்டு)

பின்குறிப்பு: ரத்னம்மா உறையை ஒட்டும்போது இந்திராணி கதவோரம் நின்றிருந்தாள். நான் எழுதச் சொன்னதே எதிர்வீடு வரை கேட்டதாம். "கமான்தான் ஆட்டுதுன்னு எனக்குத் தெரியாதாய்யா? பையன் ஜாத்திரை வரைக்கும் பொறுத்துக்கினு இருக்கானான்னு பாத்தேன், இருக்கறான். எழுபத்தாறுல உன்னைக் கட்டலாமான்னு எங்க வாசல்ல கேட்டப்போ இந்த வண்டி ஏது, மாட்டு வண்டிதான். அம்மா பக்கவாட்டுலதான் ஆட்டிக்கினே போனா. நான் கட்டிக்கல?" என்றாள். இத்தனை வருஷமும் அம்மா எனக்குச் சரி சொன்னதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சுருளே போடுங்கள் மாப்பிள்ளை. எனக்கும் இடுப்பு வலிக்கிறது.