உயர்மட்டக் குழுவும் ஒரு கேட் வால்வும்

உலகம் இதுவரை கண்ட நிர்வாக மேதைகளில் தலைசிறந்தவர்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்களே. இதை நம்பாதவர்கள் ஞாயிறு காலை பத்து மணிக்குப் பிளம்பரின் பட்டறையை எட்டிப் பார்த்திருக்கலாம். ஒரு பக்கம் பி.வி.சி. குழாய்க் கட்டுகள், மறுபக்கம் சுவரில் சாய்ந்து நிற்கும் வாஷ்பேசின்கள், நடுவே ஆறு நாற்காலிகள். ஊரின் ஹாக்கி அணியைத் தூக்கி நிறுத்த வந்த 'மறுகட்டமைப்பு உயர்மட்டக் குழு' கூடியது அங்கேதான்.

அணி வரிசையாகப் பதினோரு ஆட்டங்களில் தோற்றிருந்தது. குழு சும்மா இருக்கவில்லை. ஏழே மாதத்தில் மூன்று மேனேஜர்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தது. முதலாமவர் அதிகம் கத்தினார். தீர்மானம் போட்டார்கள், போனார். இரண்டாமவர் கத்தவே இல்லை, அவரும் போனார். மூன்றாமவர் அளவாகக் கத்தினார்; அதில் 'தனித்தன்மை இல்லை' என்று கண்டுபிடிக்கப்பட்டது. கிளப் தலைவருக்கு ரசிகர்கள் மேல் அபார மரியாதை. போன வருடம் அவருடைய கார் கண்ணாடி உடைந்ததிலிருந்து அந்த மரியாதை இன்னும் கூடியிருந்தது.

இப்போது இருப்பவர் நான்காமவர், ஓர் அம்மையார். தினமும் பயிற்சிக்கு முன்னால் இரண்டு கையிலும் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு மைதானத்தில் தண்ணீர் தெளிப்பார். ஆகவே 'பக்கெட் மேடம்'.

"மேனேஜர்னா ஒரு தொலைநோக்கு வேணாமா?" என்றார் குழுவின் தலைவரான தையல்காரர். "இந்தம்மா பக்கெட்டுக்குள்ளயே பாத்துட்டிருக்காங்க."

"புள்ளிவிவரம் சொல்றேன், தலைவரே," என்றார் ஜெராக்ஸ்காரர். "போன ஆட்டத்துல நம்ம பசங்க ஸ்டிக்கைத் தாண்டி முப்பத்தெட்டு தடவை பந்து ஓடியிருக்கு. பந்து வருது, போகுது, அதுக்கப்புறம்தான் ஸ்டிக் வருது."

"அது மனசு சம்பந்தப்பட்டது," என்றார் செயலாளரான பிளம்பர், கண்களை மூடிக்கொண்டு. "எங்கேயோ ஒரு வறட்சி இருக்கு."

அந்த இடத்தில் அவர் உண்மைக்கு மிக அருகே வந்துவிட்டார். ஆனால் அவர் இலட்சியவாதி. அருகில் இருப்பதைக் கவனிக்கும் பழக்கம் அவருக்கு இல்லை.

பிளம்பர் அந்த வாரம்தான் இருபத்தேழு அம்சத் திட்டம் ஒன்றைத் தீட்டி முடித்திருந்தார். அதில் நான்காவது அம்சத்தை மட்டும் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: 'இடது முன்கள வீரரை உடனே நீக்குதல்.' அந்த இடது முன்கள வீரர் பிளம்பரின் ஒரே மகளைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்பட்டதற்கும் இந்த அம்சத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று பிளம்பர் குழுவிடம் இரண்டு முறை, யாரும் கேட்காமலேயே, தெளிவுபடுத்தினார்.

மகள் வேலை பார்ப்பது கிளப் அலுவலகத்தில், கடிதப் பிரிவில். மறுநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் செருப்பைக் கூடக் கழற்றாமல் ஆரம்பித்தாள்.

"அப்பா, கிரவுண்டுக்குத் தண்ணி திறந்து விடுற கேட் வால்வு இறுகிப் போய் ஏழு மாசமாச்சு. ஸ்பிரிங்க்ளர்ல ஒரு சொட்டு வரல. மேட்ச் அன்னிக்கு மட்டும் லாரித் தண்ணி அடிக்கிறாங்க. காஞ்ச டர்ஃப் தரையில பந்து மெதுவாப் போகும், ஈரத்துல வழுக்கிட்டு ஓடும். மாசம் பூரா காஞ்சதுல பழகிட்டு ஈரத்துல ஆடினா எப்படிப்பா பந்தை நிறுத்துவாங்க? பராமரிப்பு ஒப்பந்தம் உங்க பேர்லதானே இருக்கு?"

"ஆபீஸ் விஷயத்தை வீட்டுக்குள்ள கொண்டு வராதம்மா. எழுத்து மூலமா அனுப்பு."

"மூணு லெட்டர் அனுப்பிட்டேன்."

"அப்போ பரிசீலனையில இருக்கும்."

அவர் சொன்னது பொய்யில்லை. கடிதங்கள் நல்ல தடித்த தாளில் வந்திருந்தன, பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. இருபத்தேழு அம்சத் திட்டம் அந்தப் பின்பக்கங்களில்தான் உருவாகியிருந்தது. நான்காவது அம்சம் மூன்றாவது நினைவூட்டலின் முதுகில் இருந்தது.

"அவருக்கு ரெண்டு முட்டியும் தோல் உரிஞ்சு கிடக்குப்பா. காஞ்ச தரையில விழுந்து விழுந்து."

"அதைத்தான் நானும் சொல்றேன். நிக்கத் தெரியாதவன்! அணியில இடமில்லாதவனுக்கு என் வீட்லயும் இடமில்ல. வர்ற ஞாயித்துக்கிழமை தீர்மானம். அதோட இந்தப் பேச்சு முடிஞ்சது."

மகளுக்குக் கண் கலங்கியது. ஆனால் அழவில்லை, மேசையில் கிடந்த திட்டத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "என்னங்க, இங்கேயும் குழாய் ஒழுகிட்டே இருக்கு. அதையும் எழுத்து மூலமாத்தான் தரணுமா?"

"தா. நகல் ஒண்ணு வெச்சுக்கோ."

மறுநாள் காலையில் மகள் குளித்து முடித்து, தலைவாரி, மிகவும் பணிவாக வந்து நின்றாள். "ஆபீஸ் போற வழிதான்பா. உங்க திட்டத்தைக் கொடுங்க, ஜெராக்ஸ் மாமா கடையில கொடுத்துட்டுப் போறேன்."

மகளுக்குப் புத்தி வந்துவிட்டது என்று பிளம்பர் நெகிழ்ந்துபோனார்.

ஞாயிற்றுக்கிழமை கிளப்பின் பொதுக்குழு. நூறு பேர் கொள்ளும் கூடத்தில் நூற்றிருபது பேர். ஆளுக்கு ஒரு பிரதி வழங்கப்பட்டது. பிளம்பர் மைக்கைப் பிடித்து, "நான்காவது அம்சத்தை அனைவரும் கவனிக்கவும்," என்றார். நூற்றிருபது பேரும் தாளைக் கவனித்தார்கள். பிறகு திருப்பினார்கள்.

தையல்காரர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்க வாசித்தார். "'மதிப்பிற்குரிய ஐயா, மூன்றாவது நினைவூட்டல். பயிற்சி மைதானத்தின் கேட் வால்வு ஏழு மாதமாகத் திறக்கவில்லை. ஒப்பந்தப்படி இதைச் சரிசெய்ய வேண்டியவர் தாங்களே...' என்னங்க செயலாளரே, இது எத்தனாவது அம்சம்?"

பிளம்பர் ஜெராக்ஸ்காரரை முறைத்தார்.

"என்னை ஏன் முறைக்கிறீங்க? ரெண்டு பக்கமும் எழுத்து இருந்துச்சு, ரெண்டு பக்கமும் போட்டேன். உங்க பொண்ணுதான் சொல்லிட்டுப் போச்சு, 'பின்பக்கம்தான் மாமா முக்கியம், விட்டுடாதீங்க'ன்னு."

கடைசி வரிசையில் மகள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இரண்டு முட்டியிலும் பிளாஸ்திரியோடு ஓர் இளைஞன். கூட்டத்தில் யாரோ, "அப்போ நம்ம டீமைக் காய வெச்சதே நீங்கதானா?" என்று கத்தினார்.

சாதாரண மனிதன் அந்த இடத்தில் தலைகுனிந்திருப்பான். பிளம்பர் மேதை. மைக்கை வாய்க்கு இன்னும் நெருக்கமாகக் கொண்டுபோனார்.

"நண்பர்களே! ஏழு மாசமா ஒரு பிளம்பர் வேலை செய்யல. அவனை ஏன்னு கேக்க, கூட்டிட்டு வந்து வேலை வாங்க, இந்த நிர்வாகத்துக்குத் துப்பு இருந்துச்சா? ஒரு வால்வைத் திறக்க வைக்கத் தெரியாத மேனேஜர், எப்படி எதிரணி கோலைத் திறப்பாங்க?"

கைதட்டல் அடங்க வெகுநேரமானது. பக்கெட் மேடத்தை நீக்கும் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அந்த உற்சாகத்தில் நான்காவது அம்சத்தை எல்லோரும் மறந்துவிட்டார்கள். மறுநாளே கிளப் தலைவர், தம் புதிய கார் கண்ணாடியைத் தடவிப் பார்த்துவிட்டு, உத்தரவில் கையெழுத்துப் போட்டார்.

அன்று மாலை வீட்டில் சமையல் நடக்கவில்லை. மனைவி பெரிய ஸ்பேனரைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து கணவருக்குப் பரிமாறினாள். பிளம்பர் எழுந்து மைதானத்துக்குப் போனார். வேலை இரண்டு நிமிடம். அதில் ஒன்றரை நிமிடம் வால்வைத் தேடுவதில் போனது.

அடுத்த மாதத்திலிருந்து அணி ஜெயிக்க ஆரம்பித்தது. இடது முன்கள வீரர் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் போட்டார். 'நிர்வாக மாற்றத்தின் கனிகள்' என்று குழு பாராட்டு விழா எடுத்து, பிளம்பருக்குச் சால்வை போர்த்தியது.

"அந்தப் பையன்கிட்ட ஒரு துடிப்பு இருக்கறதை நான் அப்பவே பாத்தேன்," என்று பிளம்பர் வீட்டில் அறிவித்து, கல்யாணத்துக்குச் சம்மதித்தார்.

"சந்தோஷம்பா," என்றாள் மகள். "ஒரே ஒரு நிபந்தனை. முதல் நாலு கல்யாணப் பத்திரிகையை அந்த நாலு மேனேஜர் வீட்டுக்கும் நீங்களே நேர்ல போய்க் கொடுக்கணும். நானும் கூட வருவேன்."

மூன்று வீடுகளில் தண்ணீர் கொடுத்தார்கள், பத்திரிகையை வாங்கிக்கொண்டார்கள், கதவைச் சாத்திக்கொண்டார்கள். நான்காவது வீட்டில் மேடம் சிரித்த முகமாக உட்கார வைத்துத் தேநீரும் கொடுத்தார். எதையாவது செய்து ஈடுகட்ட வேண்டும் என்று பிளம்பர் தவித்தார். சமையலறைப் பக்கம் காதைத் தீட்டினார். சொட்டுச் சத்தம் ஏதும் கேட்கவில்லை.

"குழாய் கிழாய் ஒழுகினா ஒரு வார்த்தை சொல்லுங்க மேடம். எழுத்தெல்லாம் வேணாம், ஓடி வந்துடறேன்."

"ஒழுகிச்சு சார், போன வாரம்," என்றார் மேடம், பத்திரிகையைப் பத்திரமாக மடித்து வைத்தபடி. "நான் வீட்டையும் மாத்தல, வீட்ல இருக்கறவங்களையும் மாத்தல. வாஷரைத்தான் மாத்தினேன்."