அப்பாவைப் பார்த்து வரைந்தது

"இந்த வீட்டுல இனிமே கலைக்கு இடம் கிடையாது!"

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா இப்படிப் பிரகடனம் செய்தார். பிரகடனங்களை எழுந்து நின்று செய்வதுதான் உலக வழக்கம். அப்பா நாற்காலியில் சாய்ந்துகொண்டே செய்தார்.

அந்த நாற்காலியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அப்பா லிஃப்ட் ஆய்வாளர். கட்டடம் கட்டடமாகப் போய், லிஃப்டில் ஏறி இறங்கி, கதவு மூடுகிறதா, கம்பி தாங்குமா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது தொழில். "வாரம் பூரா மேலயும் கீழயும் போய் வர்ற மனுஷன், ஞாயித்துக்கிழமையாவது ஒரே மட்டத்துல இருக்க வேண்டாமா?" என்பது அவர் கட்சி. அந்த ஒரே மட்டம்தான் கூடத்தில் கிடக்கும் பச்சை ரெக்சின் நாற்காலி. ஞாயிறு காலை உட்கார்ந்தால் அடுத்து நாம் அவருடைய உயரத்தைப் பார்ப்பது திங்கள்கிழமைதான்.

அம்மா பல் செட் செய்யும் இடத்தில் வேலை பார்க்கிறாள். ஒருவர் பல்லின் நிறம் இன்னொருவருக்கு இருக்காது. ஒவ்வொன்றுக்கும் நிறம் பொருத்திச் செய்ய வேண்டும். வாரம் முழுக்க ஊரார் வாய்க்கு வேலை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாய்க்கு வேலை. அவளுக்கு எந்த மட்டமும் கிடையாது.

அப்பேர்ப்பட்ட அம்மா ஓர் ஓவிய வகுப்பில் சேர்ந்து, வரைபலகையும் வண்ணங்களும் வாங்கி வந்து, நாற்காலிக்கு எதிரே கூடத்தில் நிறுத்திவிட்டாள். அன்றைக்கு மதியச் சாப்பாடு சாயங்காலச் சாப்பாடாயிற்று. பிரகடனம் அதற்குத்தான்.

நான் சும்மா இருப்பேனா? பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு படிக்கிறவள். 'நுண்கலையின் பொருளும் சமூகத்தில் அதன் பங்கும்' என்று ஒரு கட்டுரை வேறு எழுதித் தரவேண்டியிருந்தது. பொங்கிவிட்டேன்.

"கலை இல்லாத சமூகம் ஒரு சமூகமாப்பா?"

"சோறு இல்லாத சமூகம்?"

"சோறு உங்க கையாலயும் வேகும்!"

"எனக்குச் சமைக்கத் தெரியாது."

"அம்மா மட்டும் கரண்டியோடயா பொறந்தாங்க?"

"பேச்சை மாத்தாத. கலைன்னா என்ன? ஒரே வரியில சொல்லு பாப்போம்."

ஒரே வரியில்! கலை வாழ்க்கையின் கண்ணாடி என்றேன். கண்ணாடி மட்டும் போதாது, கலை சமூகத்தை மாற்ற வேண்டும் என்றேன். உழைப்பைக் காட்டாத கலை வெறும் சுவர் அலங்காரம் என்றேன். அலங்காரத்துக்கும் ஓர் உரிமை உண்டு என்று நடுவில் என்னை நானே மறுத்தேன். அப்பா குழம்பினார். நானும் குழம்பித்தான் போனேன், முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

அம்மா மட்டும் ஒவ்வொரு வரியையும் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு அம்மாவின் எதிரே அப்பா கலையின் காவலராக அவதரித்தார்.

"ஏம்மா, ஆளைப் பாத்து வரைஞ்சு பழகணும்னு வகுப்புல சொன்னாங்களாமே. வெளியில எதுக்கு ஆள் தேடறே? நான் இருக்கேன். மணிக்கணக்கா அசையாம உக்கார்ந்திருக்கேன்!"

அம்மா வண்ணம் எடுக்க உள்ளே போனதும் என் காதில் கிசுகிசுத்தார். "எப்படி நம்ம மூளை? இத்தனை நாள் உக்கார்ந்தா சோம்பேறி. இனிமே உக்கார்ந்தா கலைச்சேவை! எழுந்திருங்கன்னு அவளால வாயைத் திறக்க முடியுமா? திறந்தா படம் கெட்டுடும்ல?"

எனக்கு ரத்தம் கொதித்தது. சோம்பலுக்குக் கலையைக் குடையாகப் பிடிப்பதா? நேரே அம்மாவிடம் போட்டுக்கொடுத்தேன்.

"அப்படியா சொன்னாரு? பாவம்" என்றாள் அம்மா.

அப்பா அமர்ந்தார். அம்மா தூரிகையை நீட்டி அளவு பார்த்தாள். ஒரு கண்ணை மூடினாள். பிறகு உதட்டைப் பிதுக்கினாள்.

"ஏங்க, கை ரெண்டும் கழட்டி வச்ச மாதிரி கிடக்கே. எதையாவது பிடிச்சாத்தான் உயிர் வரும்."

"எதைப் பிடிக்கணும்?"

"இந்த பீன்ஸைப் பிடிங்க."

"பிடிச்சுட்டேன்."

"சும்மா பிடிச்சா பொய்யா தெரியுது. நறுக்கினாத்தான் இயல்பா இருக்கும். நீ என்னடி சொல்றே?"

கொள்கை என்று வந்துவிட்டால் பெற்றவர் என்றுகூட நான் பார்ப்பதில்லை. "ஆமாப்பா, உழைக்கிற கைக்குத்தான் அழகு!"

அப்பா நறுக்கினார். "இன்னும் பொடியா. அப்பத்தான் வெளிச்சம் விழும்" என்றாள் அம்மா. வெளிச்சம் விழும்படி ஒரு கிலோ பீன்ஸை நறுக்கி முடித்தார்.

அதற்கடுத்த வாரம், துணியின் மடிப்பை வரைவதுதான் ஓவியத்தில் ஆகக் கடினமான பாடம் என்று தெரியவந்தது. அப்பா ஒரு கூடைத் துணியை மடித்தார். பிறகு அம்மாவுக்கு மனித உடலமைப்பைப் படிக்க வேண்டியிருந்தது. அப்பா ஸ்டூல் மேல் ஏறி மின்விசிறியைத் துடைத்தார்.

"அப்படியே இருங்க! கையைத் தூக்கினா தோள்பட்டை எப்படி எழும்பி நிக்குது பாருங்க!"

அப்பாவுக்குத் தோள்பட்டை இருப்பது எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. அவருக்கும். மகிழ்ச்சியில் பக்கத்து அறை மின்விசிறியையும் துடைத்துவிட்டார்.

"ஒரே ஒரு தடவை படத்தைப் பாத்துக்கறேனே?"

"பாதி செஞ்ச பல்லை யாராவது வாயில வைப்பாங்களா? முடியட்டும்."

வரைபலகைக்குப் பின்னால் அம்மா உட்கார்ந்தபடி இருந்தாள். ஞாயிற்றுக்கிழமையில் அம்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. பக்கத்தில் காபி. காலுக்கு ஒரு தலையணை.

நான் என் கட்டுரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். 'கலை, வாழ்க்கையைப் பார்த்து வரைகிறது' என்று எழுதினேன். எங்கள் வீட்டில் கலையைப் பார்த்தல்லவா வாழ்க்கை நடந்துகொண்டிருந்தது? அடித்தேன். திருத்தி எழுதினேன். அதையும் அடித்தேன்.

இதற்குள் அப்பா அலுவலகம் முழுக்கச் சொல்லிவிட்டார். 'என்னை வரையறாங்க' என்று. லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஒரு ஆளைக்கூட விடவில்லையாம். வெளியே எடுக்கும்வரை கதவு வழியாகவே சொல்லிக்கொண்டிருந்தாராம்.

படம் முடிந்த ஞாயிறன்று அப்பா இஸ்திரி போட்ட சட்டையும் வாரிய தலையுமாக வந்து நின்றார். இஸ்திரியும் அவரே போட்டது. அது வேறு ஒரு பாடம். அம்மா படத்தை மூடியிருந்த துணியை விலக்கினாள்.

பச்சை நாற்காலி. அப்பா முதுகு பதிந்த பள்ளம். தலை சாய்க்கும் இடத்தில் எண்ணெய்க் கறை. கைப்பிடியில் ரெக்சின் கிழிந்து எட்டிப் பார்க்கும் பஞ்சு. தொட்டால் உள்வாங்கும் போலிருந்தது. அவ்வளவு உயிர்.

அப்பாவைத்தான் காணோம்.

"நான் எங்க?"

"நீங்க எங்கங்க ஒரு இடத்துல உக்கார்ந்தீங்க? துணி மடிக்கப் போனீங்க, ஃபேன் துடைக்கப் போனீங்க. அசையாம இருந்தது இந்த நாற்காலி ஒண்ணுதான்."

"நீதானே போகச் சொன்னே!"

"ஆமா. போனீங்க. அதான் படத்துல இல்லை."

அப்பா கிட்டே போய்ப் பார்த்தார். "எண்ணெய்க் கறைகூட வந்திருக்கே... நான் இப்பத்தான் எந்திரிச்சுப் போன மாதிரி இருக்கு."

"படத்துக்கு அதுதான் பேரு. 'எழுந்துவிட்டார்'."

என்னால் பொறுக்க முடியவில்லை. "அம்மா, இது மோசடி!"

"எதுடி மோசடி? கலை சமூகத்தை மாத்தணும்னு தொண்டை கிழியக் கத்தினது யாரு?"

"நான் சமூகத்தைச் சொன்னேன்!"

"இங்க மூணு பேரு இருக்கோம். நான் சோறு போடற சமூகம் இதுதான்."

பதில் சொல்ல எழுந்தேன். கண்ணாடிக் கொள்கை உதவவில்லை. அலங்காரக் கொள்கையும் கைவிட்டது. இது கலையா, கணவனை ஏய்த்த கதையா? படம் அழகாக வேறு இருந்து தொலைத்தது. அதுதான் பெரிய குழப்பம்.

அப்பா களைத்துப்போய் நாற்காலியை நோக்கி நடந்தார்.

"உக்காராதீங்க! அந்தப் பள்ளத்துல நிழல் இன்னும் பாக்கி. உக்கார்ந்தா கலைஞ்சுடும்."

"அப்ப நான் எங்கதான் உக்கார்றது?"

"ஸ்டூல்ல."

அப்பா ஸ்டூலை இழுத்துப் போட்டு அதில் சுருண்டு உட்கார்ந்தார். அம்மா ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள்.

"அட, அப்படியே இருங்க. இந்த முகத்துல எவ்வளவு உணர்ச்சி! இதை விட்டா எனக்கு எப்பக் கிடைக்கும்?"

"நிஜமாவா? இந்தத் தடவை நானும் படத்துல உண்டா?"

"நீங்க மட்டும்தான்" என்ற அம்மா என் பக்கம் திரும்பி, "அந்த வெங்காயக் கூடையை அப்பா கையில கொடு. கண்ணுல கொஞ்சம் ஈரம் வேணும்" என்றாள்.

உண்மையின் பக்கம் நிற்பதா, கலையின் பக்கம் நிற்பதா என்று புரியாமல் நான் கூடையைக் கொடுத்தேன்.

கத்தியைக் கேட்டு வாங்கியது அப்பாவேதான்.