வலப்பக்கத்துக் கோபுரம்

அமெரிக்காவிடம் எத்தனை போர்க்கப்பல்கள் இருக்கின்றன என்பது அமெரிக்க ஜனாதிபதிக்கே சில நாள் மறந்துபோகலாம். எங்கள் கப்பல் அண்ணாச்சிக்கு ஒரு நாளும் மறந்ததில்லை. பல் விளக்கும்போது கேட்டாலும் சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார்.

இத்தனைக்கும் அவர் கடலையே பார்த்ததில்லை. சிவகாசியிலிருந்து எந்தத் திசையில் நடந்தாலும் முதலில் வருவது கண்மாய்தான். அதிலும் பாதி வருஷம் தண்ணீர் இருக்காது.

அண்ணாச்சி எங்கள் லேபிள் அச்சகத்தில் கல்லில் படம் வரைகிறவர். சென்னையில் அச்சுத்தொழில் டிப்ளமா முடித்த கையோடு நான் அங்கே மேற்பார்வைக்குச் சேர்ந்தேன். விருதுநகரில் நர்ஸாக இருந்த அம்மா, "பட்டாசு ஊர், பத்திரம்" என்று எச்சரித்து அனுப்பினாள். அண்ணாச்சியைப் பற்றி எச்சரிக்க அவளுக்குத் தோன்றவில்லை.

கல் அச்சில் ஒரு விதி உண்டு. கல்லில் எல்லாவற்றையும் இடம் வலமாகத் திருப்பி வரைந்தால்தான் தாளில் நேராக விழும். இருபது வருஷம் அப்படி வரைந்து அண்ணாச்சிக்கு உலகமே திரும்பிவிட்டது. கடிதத்தைக்கூடத் திருப்பித்தான் எழுதுவார். அவர் மேஜைக்கு மேலே ஒட்டியிருந்த பெரிய அட்டவணையும் அப்படியே. அமெரிக்கா, ரஷ்யா, இங்கிலாந்து என்று மூன்று பத்திகள். விமானந்தாங்கி, நீர்மூழ்கி, பீரங்கிக் கப்பல் என்று வரிசைகள். அத்தனையும் கண்ணாடி எழுத்து.

"ஒற்றன் எவனும் வந்தாம்னா படிக்க முடியாதுல்லா, தங்கச்சி" என்றார்.

எனக்குப் பட்டியல்கள் பிடிக்கும். முதல் நாளே ஒரு கைக்கண்ணாடியோடு போய் அந்த அட்டவணையை முழுவதும் படித்தேன். அன்றிலிருந்து அண்ணாச்சி எனக்கு நண்பர்.

தகவல்கள் அவருக்கு வந்த வழி விசித்திரமானது. வெடிக்குக் குழல் சுருட்ட வெளிநாட்டுப் பழைய பேப்பர் கட்டுக்கட்டாக ஊருக்குள் வரும். சுருட்டப் போவதற்கு முன் அண்ணாச்சி ஒவ்வொரு கட்டையும் பிரித்துக் கப்பல் செய்திகளைக் கிழித்துக்கொள்வார். இங்கிலீஷ் புரியாத இடம் வந்தால் என்னிடம் வருவார். ஒருமுறை ரஷ்ய நீர்மூழ்கிகளின் எண்ணிக்கை இருந்த பக்கம் முந்திக்கொண்டு நாரணாபுரத்து வெடி ஆலைக்குப் போய்விட்டது. சைக்கிளில் துரத்திப் போய், சுருட்டிய குழல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாராம். எண்ணின் முதல் இலக்கம் கிடைத்தது. மற்றவை இருந்த குழல்கள் வெடித்துப் பார்க்கும் சோதனைக்குப் போய்விட்டிருந்தன. அட்டவணையில் அந்தக் கட்டத்தில் இப்படி இருந்தது: '2. மீதி வெடித்துவிட்டது.'

அச்சகத்தில் அவருக்கு எதிர்க்கட்சி மெஷின்மேன் பால்ராஜ். தோளில் சிவப்புத் துண்டு. ரஷ்யா எங்கே கப்பல் விட்டாலும் இவர் மீசையை முறுக்குவார். டீ நேரத்தில் இருவருக்கும் உலகப் போர்தான்.

"அமெரிக்கா பெரிய சரவெடிலே. பத்தவச்சா தெரு முழுக்கப் பேசும்" என்பார் அண்ணாச்சி.

"அப்ப எங்க ரஷ்யா என்ன, கம்பி மத்தாப்பா?"

"ஆட்டம்பாம். எங்கன கெடக்குன்னே தெரியாது. காலடியிலே வந்து வெடிக்கும்."

"அப்படிச் சொல்லுங்க! இங்கிலாந்து?"

"போன தீபாவளிச் சரக்கு. லேபிளு பளபளன்னு இருக்கும். திரியிலே தீ ஏறாது."

நம் நாடு இங்கிலாந்திடமிருந்து ஒரு விமானந்தாங்கிக் கப்பலை வாங்கிய செய்தி வந்தபோது பால்ராஜ் விடவில்லை. "போன தீபாவளிச் சரக்கையா அண்ணாச்சி வாங்கியிருக்கோம்?"

அண்ணாச்சி அசரவில்லை. "சரக்கு பழசுதான். திரி நம்ம ஊருத் திரில்லாலே!" என்று சொல்லி, எல்லோருக்கும் சாத்தூர் சேவு வாங்கிக் கொடுத்தார். அட்டவணையில் நான்காவதாக ஒரு பத்தி முளைத்தது. அதில் எழுத ஓர் எண்தான் இருந்தது. அதை மற்றவற்றைவிடப் பெரிதாக எழுதினார்.

அந்த வருஷ சீசனில்தான் அண்ணாச்சியின் வாழ்க்கை லட்சியம் ஆர்டராகவே வந்தது. நாரணாபுரத்துக் கம்பெனி ஒன்று 'வல்லரசு வெடி' போடுகிறது. லேபிளில் இடப்பக்கம் அமெரிக்க விமானந்தாங்கி, வலப்பக்கம் ரஷ்ய நீர்மூழ்கி, இரண்டும் நேருக்கு நேர். அண்ணாச்சி சாப்பாட்டை மறந்து வரைந்தார். மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு என்று நான்கு நிறத்துக்கும் நான்கு கற்களை முடித்துவிட்டு, அச்சங்குளத்தில் தங்கை மகள் கல்யாணத்துக்குப் போய்விட்டார்.

மாதிரித் தாளைச் சரிபார்த்தது நான். என் பட்டியலில் பதினான்கு அம்சங்கள். எழுத்துப் பிழை, நிறம், ஓரம், ஒட்டுமிடம் எல்லாவற்றுக்கும் டிக் போட்டேன். எந்தக் கப்பல் எந்தப் பக்கம் என்பது பட்டியலில் இல்லை. எழுத்து நேராக விழுந்திருந்தது. எழுத்து நேர் என்றால் படமும் நேர் என்பது அச்சகத்தில் யாரும் சந்தேகிக்காத விஷயம். மஞ்சளும் சிவப்பும் அச்சாகிவிட்டன.

கல்யாணச் சாப்பாடு செரிக்கும் முன் திரும்பி வந்த அண்ணாச்சி மாதிரித் தாளைப் பார்த்தார். கப்பலின் மேல் விரலை வைத்தார்.

"தங்கச்சி, கோபுரம் இடப்பக்கம் நிக்குது."

விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளத்தில் ஒரு கோபுரம் உண்டு. எந்த நாட்டுக் கப்பலானாலும், போகும் திசையைப் பார்த்து நின்றால் அது வலப்பக்க ஓரத்தில்தான் இருக்கும் என்பது அண்ணாச்சியின் அட்டவணையில் அடிக்கோடிட்ட விதி. உலகத்தில் எல்லாவற்றையும் திருப்பி வரைந்த மனிதர், எழுத்தைப் பழக்கத்தில் திருப்பிவிட்டு, உயிராக நினைத்த அந்தக் கடல் காட்சியை மட்டும் நேராக வரைந்திருந்தார். படம் முழுவதும் மாறி விழுந்திருந்தது. அமெரிக்கா தாளின் வலப்பக்கம் வந்து இடம் பார்த்து நின்றது. கோபுரம் தவறான ஓரத்தில்.

"கப்பலையே பாத்துக்கிட்டு வரைஞ்சேன். கல்லுங்கிறதே மறந்துபோச்சு" என்றார்.

முதலாளி வந்து பார்த்தார். "நல்லாத்தானேய்யா இருக்கு! கோபுரம் எங்கன நின்னா வெடி வெடிக்காதா? நாளைச் சாயங்காலம் லோடு ஏறணும்."

"ஏறாது முதலாளி. கறுப்புக் கல்லை மெஷின்லே ஏத்த விடமாட்டேன். மேலேயே உக்காந்துக்கிடுவேன்."

பால்ராஜ் பதறிவிட்டார். கல்லில் எண்ணெய்ப் பிசுக்கு எது பட்டாலும் மை பிடித்து அப்படியே அச்சாகும். "உக்காராதீக அண்ணாச்சி! அப்புறம் கப்பலுக்குப் பதிலா லேபிள்லே வேற என்னமோ விழும்!"

யாரும் சிரிக்கத் துணியவில்லை. முதலாளி நிதானமாகச் சொன்னார்: "நாளைக்கு லோடு போகலைன்னா, நாளன்னைக்கு நீரு வரவேண்டாம்."

அவர் சொன்னால் சொன்னதுதான். அண்ணாச்சிக்கும் அது தெரியும். கல்லின் பக்கத்தில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மாதிரித் தாளில் டிக் போட்டவள் நான். அதனால் தாளோடு உட்கார்ந்து பட்டியல் போட்டேன். மாற்ற முடியாதவை: மஞ்சள், சிவப்பு. மாற்ற முடிந்தவை: நீலம், கறுப்பு. நீலத்தில் இருப்பது கப்பலின் முன்னால் கிளம்பும் நுரை. கறுப்பில் இருப்பது பின்னால் போகும் புகை, தளத்து விமானங்களின் மூக்கு.

"அண்ணாச்சி, நுரையைச் சுரண்டி அந்தக் கோடியிலே போட்டுட்டா? புகையை இந்தக் கோடிக்குத் திருப்பிட்டா?"

தாளில் விரலை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஓட்டினார். "முன்பக்கம் பின்பக்கமாயிரும். அப்ப கோபுரம்..." கண்கள் விரிந்தன. "வலப்பக்கம்! தங்கச்சி, வலப்பக்கம்!"

பால்ராஜ் தாளை எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் மெதுவாக ஒரு தீபாவளி பரவியது. "ஆமா அண்ணாச்சி, கப்பல் அந்தப் பக்கம் திரும்பிட்டா, எங்க ரஷ்யாவுக்கு முதுகைக் காட்டிக்கிட்டுல்லா ஓடுது?"

அது உண்மைதான். கோபுரம் சரியானால் அமெரிக்கா ஓடுகிறது. அமெரிக்கா எதிர்த்து நின்றால் கோபுரம் தவறு. பதினைந்து வருஷ அட்டவணையில் எந்தக் கட்டத்திலும் அமெரிக்கா ஓடியதில்லை. அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டார். மெஷின் அறையில் எல்லோரும் காத்திருந்தோம்.

"ஓடட்டும்லே" என்றார் கடைசியில். "கப்பல்னா ஒரு நா முன்னாலே போகும், ஒரு நா பின்னாலே போகும். கோபுரம் எடம் மாறாது."

சுரண்டும் கத்தியை எடுத்தார். மறுநாள் மாலை, சொன்ன நேரத்தில் லோடு ஏறியது. தளத்து விமானங்களில் ஒன்று மட்டும் சிவப்பில் இருந்ததால் திருப்ப முடியவில்லை. கப்பல் முழுவதும் ஓட, அது மட்டும் ரஷ்யாவைப் பார்த்தபடி நின்றது.

"அவன் ஒருத்தன்தான் அங்கன ஆம்பளை" என்றார் அண்ணாச்சி.

தீபாவளி முடிந்ததும் கல்கத்தா ஏஜெண்ட் எழுதினார்: அடுத்த வருஷம் அந்த 'ஓடும் அமெரிக்கா' லேபிள் இரண்டு மடங்கு வேண்டும். பால்ராஜ் ஊருக்கே டீ வாங்கிக் கொடுத்தார். முதலாளி அண்ணாச்சியின் தோளைத் தட்டி, "இதைத் தெரிஞ்சேதான் வரைஞ்சீரோ?" என்றார். அண்ணாச்சி அந்த டீயைத் தொடவில்லை.

இப்போது நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். போன மாதம் துறைமுகத்தில் நம் விமானந்தாங்கிக் கப்பலைப் பொதுமக்கள் பார்க்கலாம் என்றார்கள். வெயிலில் வரிசையில் நின்று பார்த்துவிட்டு, அன்றே ஒரு கார்டு போட்டேன்: 'வலப்பக்கம்தான், அண்ணாச்சி.'

பதில் வந்தது, கண்ணாடி எழுத்தில். கைக்கண்ணாடியைப் பிடித்துப் படித்தேன். 'அது எனக்குத் தெரியும். கடல் எம்புட்டுப் பெருசு, தங்கச்சி? அட்டவணையிலே அதுக்கு நான் கட்டமே போடலை.'

எனக்கும் அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போகும்போது தூத்துக்குடி பஸ்ஸில் இரண்டு டிக்கெட் எடுப்பதாக இருக்கிறேன். வலப்பக்க ஜன்னல் அவருக்கு.