பத்தாவது கோடு

ஜார்ஜ் டவுன்,
திங்கட்கிழமை.

அன்பு மச்சான் சோமுவுக்கு, உன் அக்கா புருஷன் பெரியகருப்பன் எழுதுவது. இங்கே கடை நலம், உடம்பு நலம். கோலாலம்பூரில் நீயும் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டும்.

சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு, நீ எழுதிய 'அலமாரிக்குப் பின்னால்' டிவி தொடர் ஒன்பது வருஷத்துக்குப் பிறகு முடிந்தது. ஏழரைக்கு உன் அக்கா முத்தம்மை பையைத் தூக்கிக்கொண்டு புக்கிட் தெங்காவில் எங்கள் மகள் கோகிலா வீட்டுக்குப் போய்விட்டாள். அதில் வந்த என் கடை அலமாரி இருக்கிற கூரைக்குக் கீழே இனி படுக்க மாட்டாளாம்.

என் கடையில் எந்தப் பழைய சாமான் வாடகைக்குப் போனாலும், உள்கதவில் நீலச் சாக்கால் ஒரு கோடு போடுவேன். எத்தனை தடவை வெளியே போனது என்று தெரிய வேண்டுமே, அதற்கு. உன் தொடருக்கு அந்தத் தேக்கு அலமாரி வருஷம் ஒரு தரம் போனது, வருஷம் ஒரு கோடு ஏறியது. கோடு ஏற ஏற நீயும் ஒவ்வொருத்தராக அதற்குள் அனுப்பிக் காணாமல் ஆக்கினாய். நானும் தொழில்காரன், மெச்சுகிறேன். ஆனால் ஒன்பது பேரும் எங்கே போனார்கள் என்று கடைசியிலாவது சொல்ல வேண்டாமா? துப்பறிகிற பெண் கதவைத் திறக்கிறாள், உள்ளே யாரும் இல்லை, ஒன்பது கோடு, திரை இருட்டு, பேர் ஓட ஆரம்பித்துவிட்டது.

கடையில் டிவி முன்னால் முப்பது பேர். ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. எதிரே நாசி லெமாக் சோறு விற்கும் ரோஹானா அக்கா, கீழே ஓடும் மலாய் எழுத்தைப் படித்தே அத்தனை வருஷமும் பார்த்தவங்க, அரைத் தமிழில் "இவ்ளோதானா லா?" என்றாங்க. ஐயாத்துரை, அதான் ஆபீஸ் கணக்கு எழுதி ரிட்டையர் ஆன யாழ்ப்பாணத்துக் கிராணி, தொடரில் வந்த துப்பெல்லாம் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தவர், அவர் அந்த நோட்டை மூடவே இல்லை. மனுசன் மனசு ஆறட்டும்னு உண்மையைச் சொன்னேன். "ஐயா, அது நான் போட்ட வாடகைக் கோடு." அவர் நம்பலை. படப்பிடிப்பு முடிஞ்சு போன மாசம் திரும்பி வந்த அலமாரி பின்கட்டில் நிக்குது, அதைத் திறந்து காட்டினேன். விரல் வச்சு எண்ணினார். பத்து.

பத்தாவதை நான் போடலை மச்சான். ஆனா அதே நீலம். இடக்கைக்காரன் நான், என் கோடு சாயுற பக்கமே அதுவும் சாயுது. உள்ளேயிருந்து ஈர மண் வாசம் வந்துச்சு. ஐயாத்துரை மெல்லக் கேட்டார்: "அப்ப பத்தாம் தரம் இதை எடுத்துக்கொண்டு போனது ஆர்?"

மத்தவங்கெல்லாம் செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க. ரோஹானா அக்கா மட்டும் நின்னு கதவைச் சாத்தி, "அண்ணே, உள்ளேருந்து தட்டினா திறக்காதீங்க லா" ன்னாங்க. அதைக் கேட்டுத்தான் உன் அக்கா பையை எடுத்தா. அப்பவே பூட்டிச் சாவியை இடுப்பில கட்டிக்கிட்டேன். நேத்திலிருந்து பிறை, ஜுரு பக்கமிருந்தெல்லாம் ஆள் வருது. அலமாரி முன்னால நின்னு சாவு வீட்டுக் குரல்ல பேசிட்டு, ஒரு முக்காலிகூட வாங்காமப் போறாங்க. நான் தனியாச் சோறு வடிக்கிறேன். அடுப்படியிலிருந்து திரும்பினா அதுதான் தெரியுது.

ஆகவே நீ லாரியோடு வந்து அதை எடுத்துப் போ. அப்படியே உன் அக்காவிடம், ஒன்பது பேரும் எங்கே போனார்கள் என்று காதோடு சொல்லு. உனக்கே தெரியாது என்றால் ஏதாவது கட்டிச் சொல்லு, அதுதானே உன் தொழில்.

தண்ணீர்மலை முருகன் உன் குடும்பத்தைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
பெரியகருப்பன்

பின்குறிப்பு: மேலே எழுதியதை மறந்துவிடு, நீ வந்து கதை சொல்ல வேண்டாம். இப்போதுதான் உன் அக்கா போன் பண்ணினா. பத்தாவது கோடு அவ போட்டதாம். அலமாரியைப் பின்கட்டிலிருந்து எடுங்கன்னு எத்தனை வருஷமாச் சொல்லியும் நான் கேக்கலையாம். முப்பத்தோரு வருஷம் கூட இருந்தவளுக்கு ஒரு கோடு சாய்க்கத் தெரியாதான்னு சிரிச்சா. துடைச்சிடுங்கன்னா. போனைக் காதில வச்சபடியே ஈரத்துணியோட போனேன். பூட்டு போட்டபடி இருந்துச்சு. திறந்தேன். பதினொன்னு இருக்கு.

"துடைச்சாச்சா?"ன்னா. நான் திரும்பப் பூட்டினேன். அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கும். அப்புறம் பேசி முடிச்சுக்கிட்டோம். வியாழக்கிழமைக்குள் அலமாரி போகணும், லாரியை மட்டும் நீ அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை அவள் வந்துவிடுவாள். உள்ளே எத்தனை கோடு என்று அவள் கேட்க மாட்டாள், நான் சொல்ல மாட்டேன்.