சனிக்கிழமைச் சாவுகள்

"ஏங்க, தலை ஏன் ஈரமா இருக்கு?"

கேட்டைத் திறப்பதற்குள் வாணி கேட்டுவிட்டாள். சுகுமாறன் தலையைத் தடவிப் பார்த்தான். மழை என்று சொல்லவும் வழியில்லை. கிள்ளானில் அன்று வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

"சாவு வீடு," என்றான், வாய்க்கு வந்ததை. "கணக்கு டிப்பார்ட்மெண்ட் ராஜனோட மாமா. தலைக்குக் குளிச்சிட்டுத்தான் வரேன்."

"அப்படியே நில்லுங்க," என்று வாணி ஓடிப்போய்க் கால் கழுவத் தண்ணீர் கொண்டு வந்தாள். வேறு கேள்வியே இல்லை. அட, இவ்வளவுதானா என்று நினைத்தான். அங்கேதான் மனுஷன் கெட்டான்.

உண்மையில் அவன் நனைந்தது உலு சிலாங்கூர் காட்டுக்குள், பாறை பாறையாக இறங்கி அருவி அருவியாக விழும் ஓர் ஆற்றில். கயாக் என்கிற சின்னப் படகில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து, துடுப்பைப் பிடித்துக்கொண்டு, தண்ணீரோடு சேர்ந்து தானும் கீழே விழுவது அவனுக்கு ஒரு பைத்தியம். வாரம் முழுக்கத் தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலையில் லோரிக்குச் சரக்கு ஏற்றுகிறவனுக்கு, அடியில் தரையே இல்லாத அந்த ஒரு நொடிதான் உயிர்.

போன வருஷம் பெரிய அருவியில் கவிழ்ந்து தோள்பட்டை கழன்றது. வாணி ஆஸ்பத்திரியிலேயே அவன் கையைத் தன் தலைமேல் வைத்துச் சத்தியம் வாங்கினாள். "இன்னொரு தடவை ஆத்துல இறங்குனீங்க, காஜாங்குக்கு எங்க அம்மா வீட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வரமாட்டேன்." வாணி சொன்னால் செய்கிறவள்.

அதனால் அடுத்த சனிக்கிழமை, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் பரமேஸ்வரனின் அப்பா இறந்தார். அதற்கடுத்த வாரம் மேனேஜரின் மாமியார்.

"உங்க கம்பெனிக்கு என்னமோ தோஷங்க," என்று வாணி கோயிலில் எலுமிச்சம்பழம் மந்திரித்து வாங்கி வந்து, கம்பெனி வாசலில் கட்டச் சொன்னாள். கட்டினான். மாமியாரைப் பறிகொடுத்த மேனேஜரே வந்து, "எவன்டா இதைக் கட்டுனது?" என்று கத்தினார். இனிமேல் கம்பெனியில் யாரையும் சாகடிப்பதில்லை என்று சுகுமாறன் முடிவெடுத்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிவநேசன் போன் பண்ணினான். ஆற்றுக்குக் கூட வருகிற ஒரே கூட்டாளி. பழக்கமெல்லாம் ஆற்றோடு சரி, வீட்டுப் போக்குவரத்துக் கிடையாது.

"மேல நல்ல மழை லா. தண்ணி ஏறியிருக்கு. நாளைக்குப் பெரிய அருவி. நான் விடியக்காலையிலேயே போயிடுவேன், நீ நேரா வந்துடு."

தன்னைக் கவிழ்த்த அதே அருவி! சுகுமாறனுக்குக் கை பரபரத்தது.

"யாருங்க போன்ல?" என்றாள் வாணி.

"சிவநேசன்னு..." என்றவன் சுதாரிப்பதற்குள் நாக்கு பழக்கதோஷத்தில் ஓடிவிட்டது. "கூட்டாளி. காஜாங். இறந்துட்டானாம்."

வாணி பொத்தென்று உட்கார்ந்தாள். "ஐயோ! உங்க வயசா? பொண்டாட்டி இருக்கா?"

"இருக்கு."

"நானும் வரேன்."

"நீ எதுக்கு? எனக்கே வீடு தெரியாது."

"வீடு தெரியாம எப்படிங்க சாவுக்குப் போவீங்க? காஜாங்தானே, வழி நான் சொல்றேன். அட்ரஸைக் கேளுங்க."

தீபாவளிக்கு அழைத்து சிவநேசன் அனுப்பிய அட்ரஸ் போனிலேயே கிடந்தது. வாணியே தேடி எடுத்தாள்.

காலையில் ஒளிந்து ஒளிந்து சிவநேசனைக் கூப்பிட்டுப் பார்த்தான். அருவிப் பக்கம் லைன் கிடைத்தால்தானே? வீடு பூட்டியிருந்தால், 'எடுத்துட்டாங்க போல' என்று சொல்லித் திரும்பிவிடலாம். அது ஒன்றுதான் நம்பிக்கை.

காடியை அவன் ஓட்ட, பக்கத்து சீட்டில் வாணி மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தாள். "அன்னிக்கு உங்கள ஸ்ட்ரெச்சர்ல பார்த்தப்போ நானே செத்துட்டேங்க. அந்தப் பொண்ணு இன்னிக்கு என்ன பாடு படுதோ."

சுகுமாறனுக்கு, எப்படிப்பட்டவளை ஏமாற்றிக்கொண்டிருக்கிறோம் என்று வெட்கமாக இருந்தது. எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் என்று வாயைத் திறந்தான்.

"அந்தா, அந்த வீடுதான்," என்றாள் வாணி.

வீடு திறந்திருந்தது. கூடாரம் இல்லை, கூட்டம் இல்லை. உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. சிவநேசனின் மனைவி ஷாமினி முறுக்கைக் கடித்துக்கொண்டே வாசலுக்கு வந்தாள். சுகுமாறன் வாணியின் முதுகுக்குப் பின்னால் பதுங்கினான்.

வாணி அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். "அண்ணன் இப்படிப் பண்ணிட்டாரேம்மா!"

"அவரைப் பார்க்க வந்தீங்களாக்கா?" என்று திணறினாள் ஷாமினி. "அவரு போயிட்டாரே."

"தெரியும்மா. எப்படிப் போனாரு?"

"எப்பவும் போல காடியிலதான்."

"ஐயோ, எக்சிடெண்டா! கடைசியா ஏதாச்சும் சொன்னாரா?"

"நான் தூங்கிக்கிட்டு இருந்தேன்க்கா. எழுப்பாமலே போயிட்டாரு."

"பாவி மனுஷன்! இனி உனக்கு யாரும்மா துணை?"

"ஏன்க்கா? சாயங்காலம் வந்துடுவாரே."

வாணி திரும்பி, "புத்தி பேதலிச்சுப் போச்சுங்க," என்று கணவனிடம் கிசுகிசுத்தாள். ஷாமினியின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "செத்தவங்க வரமாட்டாங்கம்மா. மனசைத் தேத்திக்கம்மா."

ஷாமினி முறுக்கை விழுங்கிவிட்டு, கையை உதறினாள். "ஓ, அந்தச் சாவா! செத்தது எங்க வீட்டுக்காரரு இல்லக்கா. கிள்ளான்ல அவரோட கூட்டாளி ஒருத்தரு, சுகுமாறன்னு பேரு. அந்தச் சாவு வீட்டுக்குத்தான் இவரு போயிருக்காரு!"